துரைசாணிக்கு ஒரு உப்புக்கட்டி

எங்கள் பயிற்சி நிலையத்தின் கைநூலில் விதி தெளிவாகவே இருந்தது. நிலையத்தின் பொறுப்பில் உள்ள எந்த விலங்குக்கும் தீனி, குடிநீர், உப்பு மூன்றும் எந்நேரமும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொறுப்பதிகாரி காரணம் காட்டி மேலிடத்துக்கு எழுத வேண்டும். தீனி இல்லாததற்குக் காரணம் எழுத ஒரு மாதிரிப் படிவம் உண்டு. தண்ணீர் இல்லாததற்கும் உண்டு. உப்பு இல்லாததற்கு மட்டும் இல்லை. உப்புக்கும் ஒரு காலத்தில் தட்டுப்பாடு வரும் என்று அந்தக் கைநூலை எழுதியவருக்குத் தோன்றியிருக்காது.

அந்தப் பொறுப்பதிகாரி நான்தான். ஓய்வு பெற்று, பிரியாவிடை மாலையும் வாங்கி, கட்டுகஸ்தோட்டையில் வீட்டோடு இருந்தவனை ஒப்பந்தத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். அரசாங்கத்தில் கொஞ்ச நாள் என்றால் என்ன என்று இத்தொடரைப் படித்து வருபவர்களுக்கு நான் மறுபடி விளக்க வேண்டியதில்லை.

மழை விட்டிருந்த ஒரு காலை. வத்தேகமைக்கு மேலே பஸ்ஸை விட்டு இறங்கி, முழங்கால் இரண்டும் முறைப்பாடு செய்ய, ஏற்றம் ஏறி லாயத்துக்குப் போனேன். குதிரை சுவரை நக்கிக்கொண்டிருந்தது. அதன் கழுத்து எட்டிய உயரம் வரைக்கும் சுண்ணாம்பு போய்விட்டிருந்தது. உள்ளே இருந்த செம்மண் தெரிந்தது.

"வாங்க சேர்," என்றாள் புஷ்பம். "செவுத்த முடிச்சிட்டா. அடுத்தது கூரதான்."

புஷ்பம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்தவள். கொழுந்து பறிக்கப் போகாமல் எங்கள் நிலையத்தில் நாட்கூலியாகச் சேர்ந்தவள். நாற்பது வயது இருக்கும். பேச்சில் பயம் கிடையாது.

நான் பக்கத்தில் போனதும் குதிரை சுவரை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டது. ஏற்றத்தில் வந்த வியர்வையை விரல் விரலாக நக்கியது. ஏதாவது கிடைக்கும் என்று நம்பி என் கையைப் பிடித்தவர்கள் சேவைக்காலத்தில் பலர். ஏதோ கிடைத்தது என்று திருப்திப்பட்டது இவள் ஒருத்திதான்.

குளம்பில் ஓர் இலக்கம்

குதிரை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்ல இளைஞர்களுக்குக் குதிரை பழக்குவது என்று ஒரு திட்டம் இருந்தது. ஓட்டப்பந்தயத்தில் ஓய்ந்த மூன்று குதிரைகளை நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்தோம். பயிற்சி பெற்ற இளைஞர்கள் குதிரையின் முதுகில் ஏறியதை விட வேகமாக விமானத்தில் ஏறி வளைகுடாவுக்குப் போனார்கள். பிறகு பெற்றோல் வரிசைக் காலம் வந்தது. திட்டம் நின்றது. குதிரைகளைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். வந்த லொறியில் இரண்டுக்குத்தான் இடம் இருந்தது. மற்றதை ஏற்ற லொறி மறுபடி வரும் என்றார்கள்.

அப்படி மிஞ்சியவள்தான் இவள். பந்தயத்தில் அவளுக்கு ஏதோ நீண்ட பெயர் இருந்ததாம். புஷ்பம் அவளைத் துரைசாணி என்றாள். தோட்டத்தில் துரையின் மனைவிக்கு வழங்கிய பெயர் அது. நடக்கும்போது யாரையும் பார்க்காமல் தலையைத் தூக்கிக்கொண்டு போவாளாம். அதனால் அந்தப் பெயர்.

அரசாங்கச் சொத்து ஒவ்வொன்றிலும் பொருட்பதிவு இலக்கம் இருக்க வேண்டும். கதிரைக்கு முதுகில் எழுதலாம். அலுமாரிக்குக் கதவில் எழுதலாம். குதிரைக்கு எங்கே எழுதுவது? கணக்காய்வுக்கு வந்த இளைஞர் பிடிவாதமாக நின்றார். முன்னங்கால் குளம்பில் வெள்ளை மையால் எழுதினோம். குளம்பு வளர வளர இலக்கம் கீழே இறங்கித் தேய்ந்து போகும். மறுபடி எழுதுவோம். என் சேவைக்காலத்தில் தானாக நகர்ந்த ஒரே கோப்பு இலக்கம் அதுதான்.

மாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள வித்தியாசம்

திட்டம் ஓடிய காலத்தில் லாயத்தில் ஒரு உப்புக்கட்டி தொங்கும். செங்கல் அளவு, செங்கல் நிறம். நடுவில் துளை, துளையில் கயிறு. உப்போடு வேறு தாதுக்களும் சேர்த்து இறுக்கியது. குதிரை வேண்டும்போது போய் நக்கும். போதும் என்றால் விட்டுவிடும். மனிதர்களுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் பல திணைக்களங்களை மூடியிருக்கலாம்.

அந்தக் கட்டி வெளிநாட்டிலிருந்து வருவது. இறக்குமதியைக் குறைத்தபோது அதுவும் நின்றது. கடைசிக் கட்டி சவர்க்காரத் துண்டு போல் ஒல்லியாகி, ஒருநாள் கயிறு மட்டும் மிஞ்சியது. நான் தலைமையகத்துக்கு எழுதினேன்.

உள்ளூரில் மாடுகளுக்கென்று செய்யும் கட்டியைப் பயன்படுத்தாதது ஏன் என்று கேட்டு எழுதினார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் பகுதிக் கால்நடை வைத்தியர் தர்ஷினியிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை.

"ஐயோ வேண்டாம் சேர். அதுக்குள்ள யூரியா கிடக்கு. மாட்டின்ர வயிறு வேற, குதிரையின்ர வயிறு வேற. இதுக்கு அதைக் குடுக்கச் சொல்லி நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

அதை அப்படியே எழுதினேன். குதிரை மாட்டினத்தைச் சேர்ந்தது அல்ல என்பதற்குக் கால்நடை வைத்தியரின் சான்றிதழ் கேட்டு மறுகடிதம் வந்தது. தர்ஷினி சிரித்துச் சிரித்து எழுதித் தந்தார். அனுப்பினேன். அதன்பின் மௌனம். நினைவூட்டல் அனுப்பினேன். அதற்குப் பதிலாக ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. குதிரை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று சிங்களத்தில், மிகவும் பணிவாக, ஒரு பெண் கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியென்றால் பரிசீலிக்கிறோம் என்றார்.

உயிரோடுதான் இருந்தாள். ஆனால் மண் தின்னத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் வயிற்று வலியில் விழுந்து புரண்டாள். தர்ஷினி வந்து மருந்து கொடுத்து எழுப்பினார்.

"மழையில வளர்ற புல்லில உப்பே இல்லை சேர். உப்புத் தேடித்தான் மண்ணைத் தின்னிறா. இது நிக்காட்டி அடுத்த முறை குடல் அடைச்சுப் போகும்."

கடையில் இல்லாத பொருள்

கடையில் உப்பு வாங்கிப் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்பவர்கள் அந்த மாதங்களை மறந்துவிட்டார்கள். உப்பளங்களை மழை கொண்டுபோயிருந்தது. கடலால் சூழப்பட்ட நாட்டில் மக்கள் உப்புக்கு வரிசையில் நின்றார்கள். என் மனைவி உப்புப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அக்குறணையில் எனக்கு நீண்டகாலப் பழக்கமான மொத்தக் கடைக்காரர் ரவூப் நானா. அவரிடம் போனேன்.

"உப்பு எங்க சேர் ஈக்கி? ஆளுக்கு ஒரு பேக்கட்தான். அதுக்கு மேல தர ஏலா."

"எனக்கில்லை நானா. குதிரைக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "சேருக்கு ரிட்டயர் ஆகின பொறகு நல்ல ரெஸ்ட்தான்," என்றார். பிறகு தம் வீட்டுக்கென்று வைத்திருந்த பக்கட்டையும் எடுத்துத் தந்தார். துரைசாணி இரண்டையும் முடிக்க அதிக நாள் ஆகவில்லை.

பலிபீடத்தில்

நிலையத்துக்குக் கீழே, சரிவில், தோட்டத்து மாரியம்மன் கோயில். மரு, தேமல், கொப்புளம் என்று தோலில் எது வந்தாலும் உப்பும் மிளகும் கொண்டுவந்து பலிபீடத்தில் போடுவது அங்கே வழக்கம். மழையில் உப்புக் கரையக் கரைய உடம்பில் உள்ளதும் கரையும் என்பது நம்பிக்கை. தட்டுப்பாட்டிலும் அந்த வழக்கம் நிற்கவில்லை. கறிக்குக் குறைத்தார்கள், அம்மனுக்குக் குறைக்கவில்லை.

ஒரு விடியலில் துரைசாணி வேலியைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டாள்.

அன்று காலை கோயில் தலைவர் ராமையா அலுவலகத்துக்கு வந்தார். தோட்டத்துத் தொழிற்சங்கத்துக்கும் அவரே தலைவர். வெள்ளை வேட்டி, கையில் குடை. முறைப்பாட்டை எழுதிக்கொள்ளத் தாளை எடுத்தேன்.

"சேர், ஒங்க குதிர வந்து பலிபீடத்த நக்கிருச்சு."

"மன்னிக்க வேணும் தலைவர். வேலி பழுது. எழுதியிருக்கிறோம்."

"வேலிய விடுங்க. நான் பாத்துக்கிட்டே நின்னேன். மொளகு ஒண்ணக்கூடத் தொடல. உப்ப மட்டும் சுத்தமா வழிச்சிருச்சு. மழ வந்து கரைக்க நாள் கணக்காகும். இது ஒரே நாக்குல கரச்சிருச்சே!"

அவர் கோபப்படவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. தாளை மடித்து வைத்தேன்.

முந்தின வாரம் மருவுக்காக உப்புப் போட்ட ஒரு சிறுமிக்கு, குதிரை நக்கிய அந்த வாரமே மருக்கள் உதிர்ந்துவிட்டன. மருக்கள் தாமாகவே உதிரும் என்றார் தர்ஷினி. தாமாக உதிர்ந்தன என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அடுத்த வெள்ளிக்கிழமை லாயத்தின் முன்னால் வரிசை. காகிதச் சுருளில், வெற்றிலையில், சேலைத் தலைப்பில் முடிந்து எல்லோரும் உப்புக் கொண்டுவந்தார்கள். திகனப் பக்கத்திலிருந்துகூட வந்தார்கள். புஷ்பம் ஒரு தட்டில் வாங்கி, மிளகைப் பொறுக்கித் திருப்பிக் கொடுப்பாள். "மொளகுக்குத் தும்முறா. கொண்டுபோய் ரசம் வச்சிக் குடிங்க." ஆளுக்கு ஒரு பிடி துரைசாணிக்கு. மீதி நீல நிறப் பீப்பாய்க்குள்.

குதிரை தெளிந்தாள். மண் தின்பது நின்றது. தோல் மினுங்கியது. தர்ஷினி தண்ணீர் தாராளமாக வைக்கச் சொன்னதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் தலைமையகத்துக்கு ஒன்றும் எழுதவில்லை. வேண்டுதல் உப்பை அரசாங்க விலங்குக்குக் கொடுப்பதற்கு முன் நன்கொடை ஏற்பு அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியாமல் இல்லை. களைப்பாக இருந்தது.

முகம் திருப்பிய வெள்ளிக்கிழமை

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை துரைசாணி முதல் பிடியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். அடுத்ததையும் அப்படியே. வரிசையில் நின்ற ஒருவர் உப்பையும் அவள் தொடவில்லை.

கூட்டம் கலைந்தது. பேச்செல்லாம் லயத்துக்குப் போய்த்தான் ஆரம்பித்தது.

குதிரையின் நாக்கால் உப்பை ஏற்ற அம்மன் இப்போது ஏன் முகத்தைத் திருப்புகிறாள்? உப்பில் குற்றம் இருக்க முடியாது. அது வீட்டுக் கறிக்கு இல்லாமல் செய்து கொண்டுவந்த உப்பு. அப்படியென்றால் வாங்கிய கையில்தான் குற்றம். உப்புக்கு நாடே அலையும்போது பீப்பாய் நிறைய உப்பு ஒருத்தியின் பொறுப்பில் இருக்கிறது. புஷ்பம் வத்தேகமைச் சந்தைக்குப் பையோடு போனதைக் கண்டவர்கள் திடீரென்று பலர் ஆனார்கள். அம்மன் உப்பை எடுத்து விற்றாள் என்று மாலா என்ற அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்க் குழாயடியில் வைத்தே சொன்னாளாம்.

லயத்தில் ஒரு பெயர் விழுந்தால் போக ஒளிய இடமில்லை. ஒரே கூரை, ஒரே வாசல், ஒரே குழாய். புஷ்பம் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் நகர்ந்தன.

ராமையா குழுவோடு வந்தார். நான் முறைப்படி ஒரு விசாரணை வைக்கலாம் என்றேன். இருதரப்பு வாக்குமூலம், சாட்சிகள், அறிக்கை.

"விசாரணைய அம்மா வச்சுக்குவா சேர்," என்றார் ராமையா.

"அப்ப அம்மாவே வைக்கட்டும்!" புஷ்பம் உள்ளே இருந்து வந்தாள். கையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. "ஆடித் திருவிழா வருதுல்ல? இந்தப் பீப்பாய நீங்களே கொண்டுபோய்ப் பூட்டி வைங்க. திருவிழாவன்னிக்குச் சனத்துக்கு முன்னாடி இதே உப்ப வைங்க. நான் துரைசாணியக் கொண்டாறேன். அவ நக்கலன்னா அன்னிக்கே நான் லயத்த விட்டுப் போறேன்."

"யோசிச்சுப் பேசு புள்ள."

"யோசிக்க என்ன இருக்கு தலைவரே? எடுத்திருந்தாத்தான யோசிக்கணும்."

பீப்பாயை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். புஷ்பத்துக்குப் பிறந்த லயத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. அதை எனக்குச் சொல்லும்போதுகூட அவள் குதிரையின் பிடரியைச் சீவிக்கொண்டுதான் இருந்தாள்.

வைத்தியர் சொன்னது

அன்று மாலை தர்ஷினியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அம்மனும் இல்லை, ஒண்டுமில்லை சேர். அவவுக்குப் போதும் எண்டு ஆயிட்டுது. வயிறு நிறைஞ்ச ஆளுக்கு முன்னால சோத்தை வச்சா என்ன செய்யும்?"

"திருவிழாவில் நக்குமா?"

"ஆக்கள் பீப்பாயைப் பூட்டினது நல்லதாப் போச்சு. அதுவரைக்கும் ஒரு கல்லு உப்பும் உள்ள போகக்கூடாது. ஒவ்வொரு நாளும் நல்லா நடத்தி வேர்க்க வைக்கட்டும். மண் தின்னாமல் இருக்க வாய்க்கூடை போடுவம். இடையில எங்கையாவது உப்புக் கிடைச்சுதோ, அண்டைக்கும் மூஞ்சையைத் திருப்பிப்போடுவா. பிறகு அந்தப் பொம்பிளையின்ர கதை முடிஞ்சுது."

நடத்துவதற்கும் வாய்க்கூடைக்கும் வைத்திய ஆலோசனை என்று மட்டும் புஷ்பத்திடம் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. அவள் அம்மனிடம் ஒப்படைத்த வழக்கு அது. நடுவில் புகுந்து தீர்ப்பை முன்கூட்டியே வாசித்துக் காட்ட எனக்கு அதிகாரம் இல்லை.

ராமையாவிடமும் சொல்லிப் பார்க்கவில்லை. குதிரைக்குப் போதுமாகிவிட்டது என்று சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார், குழாயடி கேட்காது.

ஆடி

திருவிழா நாளில் தப்பு மேளச் சத்தம் மலையிலிருந்து மலைக்குப் போனது. கோயில் வாசலில் நிற்க இடமில்லை. எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். நான் உட்காரவில்லை.

புஷ்பம் துரைசாணியைச் சரிவில் நடத்திக்கொண்டு வந்தாள். வாய்க்கூடையைக் கழற்றினாள். தப்பை நிறுத்தச் சொன்னார்கள். ராமையா பீப்பாயின் பூட்டைத் திறந்து, பலிபீடத்தின் முன்னால் வாழையிலை விரித்து, உப்பைக் குவித்தார்.

துரைசாணி முதலில் பக்கத்தில் கிடந்த செவ்வந்தி மாலையை முகர்ந்தாள். ஒரு பூவைப் பிடுங்கித் தின்றாள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. புஷ்பம் கயிற்றை இழுக்கவில்லை. தளர்த்தி விட்டாள்.

பூவை மென்று விழுங்கிவிட்டு, துரைசாணி தலையைத் தாழ்த்தினாள். நாக்கு ஒருமுறை வெளியே வந்து உள்ளே போனது. பிறகு நிறுத்தவே இல்லை. குவியலின் உச்சி போனது; பக்கம் போனது; இலையின் நரம்பு தெரிந்தது. குலவை எழுந்தது. தப்பு மறுபடி தொடங்கியது. குதிரை காதை மட்டும் ஒருமுறை திருப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

புஷ்பம் அழவில்லை. கூட்டத்துக்குள் தேடிப் பார்த்து, "மாலா! ஒன் உப்பு எதுன்னு காட்டு. அதயும் நக்கச் சொல்றேன்," என்றாள். சனம் சிரித்தது. மாலா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று மத்தியானம் குழாயடியில் புஷ்பத்தின் குடம் முதலில் நிறைந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். மாலாதான் பிடித்துக் கொடுத்தாளாம்.

"விசாரண முடிஞ்சுது சேர்," என்றார் ராமையா. "ஃபைல மூடிருங்க."

பொருள் ஏற்பு

வெளியிலிருந்து வரும் எந்தப் பொருளையும் மூவர் கொண்ட ஏற்புக் குழு பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வழங்க வேண்டும் என்று அதே கைநூலில் ஒரு விதி உண்டு. நடைமுறையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. வந்த சாமானை வந்த கையோடு பிரித்துக் கொடுத்துவிட்டு, மூன்று கையெழுத்தையும் பிறகு வாங்கிக்கொள்வோம். இந்த ஒரு தடவை நான் விதியை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்தேன். குழுவில் ஒருவர் விடுமுறையில் இருந்தார். அவரை அவசரப்படுத்தவில்லை. பொருள் என் அலுமாரியில், பூட்டுக்குள் இருந்தது. சாவி என் சட்டைப் பையில்.

திருவிழா முடிந்த திங்கட்கிழமை மூவரும் கையெழுத்திட்டார்கள். நானே அதைத் தூக்கிக்கொண்டு லாயத்துக்கு ஏறினேன். செங்கல் அளவு, செங்கல் நிறம். புதுக் கயிறு கோத்து ஆணியில் மாட்டினேன். துரைசாணி வந்து முகர்ந்து, நிதானமாக நக்கத் தொடங்கினாள்.

புஷ்பம் தண்ணீர் வாளியோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"அடி ஆத்தி! கடைசியில அனுப்பிட்டாங்களா?"

"அனுப்பிவிட்டார்கள். பதிலும் வந்தது. அனுமதி."

அவள் வாளியை வைத்துவிட்டு, கட்டியைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புத்தான். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதைக் கண்டேன்.

"இது எப்ப சேர் வந்துச்சு?"

வந்த நாள் முத்திரையை நான் எப்போதும் சரியாகவே குத்துவேன். பொய்த் தேதி சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை.

"வியாழக்கிழமை," என்றேன். "திருவிழாவுக்கு முந்தின வியாழக்கிழமை."